இயற்பியலுக்கு ஒரு பத்தாவது ஆள்

பியூலாவின் ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். வயிற்றெரிச்சலில் படித்தேன். தளவாய்புரம் வட்டாரத்தில் நைட்டி தைக்கும் பெண்கள் எப்படிச் சேமிக்கிறார்கள் என்பது தலைப்பு. சீட்டுப் போடுகிறார்கள், கம்மல் வாங்குகிறார்கள், மிச்சம் இருந்தால் போஸ்ட் ஆபீஸில் கட்டுகிறார்கள். இதைச் சொல்ல இம்புட்டுப் பெரிய புத்தகம், அதில் பாதிக்குப் பாதி, வட்டம் வரைந்து கலர் அடித்த படம். எங்கள் தெருவில் தூங்குகிறவளை எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பாள்.

நான் இயற்பியல். கண்ணாடித் துண்டின்மேல் கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலத்தைப் படியவைத்து, அது வெளிச்சத்தை எப்படி விழுங்குகிறது என்று பார்ப்பது என் வேலை. நடுவில் கரன்ட் போனால் ஒரு வாரப் பாடு வீண். அந்தத் துண்டுகளை டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்து அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு, எக்ஸ்ரே எடுக்கக் காரைக்குடி ஆய்வுக்கூடத்துக்குப் பஸ் ஏறியிருக்கிறேன். ஏழு வருஷம் இப்படிப் போயிற்று. அதற்குள் பியூலா முனைவர் பட்டம் வாங்கி, வேலை வாங்கி, எட்வின் என்று ஒருவரைக் கல்யாணம் பண்ணி, ஸ்கூட்டர் வாங்கி, அது பழசாகிப்போய் வேறு ஸ்கூட்டரும் வாங்கிவிட்டாள்.

படிப்பில் அவள் என் பக்கத்தில் நிற்கமாட்டாள். பெருமைக்குச் சொல்லவில்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களோடு படித்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். பத்தாம் வகுப்பு முடித்ததும் மார்க் உள்ளவளுக்கு சயின்ஸ் குரூப், இல்லாதவளுக்கு காமர்ஸ் குரூப். அந்தக் கணக்கில் நான் அந்தப் பக்கம் போனேன், அவள் இந்தப் பக்கம் வந்தாள். முகம் தொங்கிப்போய் நின்றவளை நான்தான் தேற்றினேன். அதுவும் ஒரு படிப்புதான்ட்டி, கவலைப்படாத என்று சொன்னேன். இப்போது நினைத்தால் அந்த வாயிலேயே இரண்டு போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

டாக்டர் பட்டம் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று ஊரில் நினைக்கிறார்கள். சாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் எல்லாத் துறைக்கும் ஒரே நாளில் இன்டர்வியூ வைத்தார்கள், அங்கே வந்து பார்த்திருக்க வேண்டும். இயற்பியலுக்கு ஓர் இடம். வந்தவர்களுக்கு நாற்காலி போதாமல் எங்களை சைக்கிள் ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். எனக்கு முன்னால் எங்கள் லேபில் முடித்த அண்ணன்மார் இரண்டு பேர் நரைத்த மீசையோடு என் வரிசையில் நின்றார்கள். தாவரவியலுக்கும் விலங்கியலுக்கும் வேப்பமரத்தடி. தமிழ்க்காரர்கள் கூட்டம் கேட்டைத் தாண்டி ரோட்டில் நின்றது. ஆங்கிலக்காரர்கள் நாலைந்து பேர், எப்படியும் ஓரிடத்தில் கிடைத்துவிடும் என்ற தெம்பில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டருக்கு ஒருத்தருமே வரவில்லை. வைவா முடிவதற்கு முன்பே இன்ஜினியரிங் கல்லூரிகள் கொத்திக்கொண்டு போய்விடுகின்றன. காமர்ஸுக்கு மூன்று இடம், வந்தவர்களும் மூன்று பேர். அதில் ஒருத்தி பியூலா, கையில் ஒரு வேலை இருக்கும்போதே வந்தவள். உள்ளே போய்க் காப்பி குடித்துவிட்டு, எனக்கு இது தூரம் என்று சொல்லிவிட்டு வந்தாள். தூரமாம். எனக்கு அந்தமானில் கொடுத்தாலும் அன்றைக்கே கப்பல் ஏறியிருப்பேன்.

கடைசியில் ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். அங்கே அவள் நிரந்தரம். நான் வருஷா வருஷம் ஆர்டர் புதுப்பிக்கிற ஆள். தினமும் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவள் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வருவேன். வழி நெடுக நான் புலம்புவேன், அவள் கேட்டுக்கொண்டே ஓட்டுவாள். அவள் எப்போதாவது பதிலுக்குச் சலித்துக்கொண்டாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதுவும் செய்யமாட்டாள்.

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்ததும் எங்கள் கல்லூரியில் வாத்தியார்கள் எல்லாரும் பிள்ளை பிடிக்கக் கிளம்ப வேண்டும். முனைவர் பட்டம் வாங்கியவரும் வாங்காதவரும் வீடு வீடாக ஏறி இறங்கி, பெற்றவர்களிடம் பேசி, பிள்ளையின் டி.சி.யை ஒரிஜினலாகக் கையில் வாங்கிக்கொண்டு வர வேண்டும். எங்கள் கல்லூரியில் எழுதிவைக்காத சட்டம் ஒன்று உண்டு. டி.சி. எந்தத் துறையின் பீரோவில் இருக்கிறதோ, பிள்ளை அந்தத் துறைக்கு. ஜூன் மாதம் பல்கலைக்கழகத்துக்குப் பட்டியல் போகிற வரைக்கும் அந்த பீரோச் சாவியை இடுப்பிலேயே வைத்திருக்க வேண்டும். அசந்தால் பக்கத்துத் துறைக்காரன் பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போய்விடுவான்.

அந்த வருஷம் கல்லூரிச் செயலர் எல்லாரையும் கூட்டிவைத்துச் சொன்னார்.

"பத்துப் பேர் சேராத டிபார்ட்மென்ட்ட இந்த வருஷம் நடத்தப் போறதில்ல. அங்க கடைசியா வந்த ஸ்டாஃப் வேற எடம் பாத்துக்கிடலாம்."

பேசியது எல்லாருக்கும் பொதுவாக, பார்த்தது என்னை. இயற்பியலில் கடைசியாக வந்தவள் நான். எங்கள் பீரோவில் அதுவரை ஒன்பது டி.சி. இருந்தது. அந்த ஒன்பதையும் பிடிக்க நான் ஏறாத வீடில்லை. காமர்ஸிலோ எல்லா சீட்டும் நிரம்பி, சிபாரிசுக் கடிதத்தோடு ஆட்கள் வாசலில் நின்றார்கள். செயலர் போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார்.

"பாண்டிசெல்வி மேடம்கூட பியூலா மேடம் போகட்டும். அவங்க பேசினா ஆள் விழும்."

இயற்பியலுக்கு ஆள் பிடிக்க காமர்ஸ்காரி. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பியூலா அதற்குள் ஹெல்மெட்டை எடுத்துவிட்டாள்.

தளவாய்புரம் வழியாகப் போனோம். நைட்டி தைக்கும் வீடுகளின் வாசலில் நின்ற பெண்கள் வண்டியை மறித்து, "பியூலாக்கா, எம்புட்டு நாளாச்சு ஒங்களப் பாத்து, செத்த நேரம் இருந்துட்டுப் போங்க" என்றார்கள். ஆய்வுக்குக் கேள்வி கேட்கப் போனவளை இன்னும் நினைவு வைத்திருக்கிறார்கள். என் ஆய்வில் இருந்த கண்ணாடித் துண்டு எதுவும் இதுவரை என்னை விசாரித்ததில்லை. கொடுத்துவைத்தவள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

தேவதானத்தில் தங்கப்பாண்டியன் வீடு. பட்டாளத்திலிருந்து வந்து தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர். மகள் மாரீஸ்வரி பிளஸ் டூவில் நல்ல மார்க். பி.காம். படித்து ஆடிட்டர் ஆக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எங்கள் கல்லூரியில் பி.காம். நிரம்பிவிட்டது, தூரத்துக்கு அனுப்பத் தகப்பனுக்கு மனசில்லை. எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு அவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ரெண்டு பேரும் டாக்டர் பட்டம் வாங்குனவியதான?"

"ஆமா அண்ணாச்சி" என்றாள் பியூலா.

"தப்பா நெனைக்காதிய. இந்தம்மா பிஸிக்ஸ், நீங்க காமர்ஸ். ரெண்டு பேர்ல யாருக்கு வேலை நிரந்தரம்?"

சந்தையில் இரண்டு ஆட்டைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் கேட்கிற மாதிரி கேட்டார். அவர் மகள் கதவோரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத்தான்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. காது இரண்டும் சுட்டது. பியூலா என்ன சொல்வாள் என்று அவள் பக்கம் திரும்பக்கூடப் பயந்தேன்.

"ஆமா அண்ணாச்சி, அவளுக்குத்தான்" என்றாள் பியூலா. "எனக்கு வருஷா வருஷம் ஜூன் வந்தா நெஞ்சு பக்கு பக்குன்னு அடிக்கும். ஆர்டர் வருமோ, வராதோன்னு தூக்கம் வராது. அடுத்தவ நிம்மதியா இருக்கிறதப் பாத்தா எரிச்சலா வரும். அவளுக்கு அந்தக் கவலையே இல்ல. படிச்ச படிப்பு அப்பிடி."

என் வாழ்க்கையை எடுத்துத் தன் வாழ்க்கை மாதிரி அச்சு அசலாகச் சொன்னாள். எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. ஸ்கூட்டரில் நான் புலம்பியதை எல்லாம் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாள். சொல்லாமல் விட்டதையும் சேர்த்துக் கேட்டிருக்கிறாள். தங்கப்பாண்டியன் உள்ளே போய் மகளின் டி.சி.யை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். மாரீஸ்வரி கதவோரத்திலிருந்து உள்ளே போய்விட்டாள்.

"பத்து ஆயிருச்சுல்லட்டி?" என்றாள் பியூலா, திரும்பி வரும்போது.

"ஆயிருச்சு."

"பொறவு என்ன, கொஞ்சம் சிரியேன்."

நான் சிரிக்கவில்லை. எனக்காக ஒருத்தி பொய் சொன்னாள் என்பதைவிட, அந்தப் பொய்யை என்னைவிட நன்றாகச் சொன்னாள் என்பதுதான் நெஞ்சில் குத்திக்கொண்டே வந்தது.

ஜூன் மாதம் கல்லூரி திறந்தது. பட்டியல் போவதற்கு முந்தின நாள் காலை, வண்டியில் வரும்போது பியூலா ஒரு சேதி சொன்னாள். பி.காமில் சேர்ந்த பையன் ஒருத்தன் கோயம்புத்தூருக்குப் போய்விட்டானாம், ஓர் இடம் காலியாம், யாருக்குக் கொடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லையாம். கல்லூரியில் எந்தச் சேதியும் அரை நாளுக்கு மேல் மறைந்திருக்காது.

மத்தியானம் மாரீஸ்வரி எங்கள் துறை வாசலில் வந்து நின்றாள்.

"மிஸ், பி.காம்ல ஒரு சீட்டு காலியாம். கிளாஸ்ல சொல்லுதாங்க. என்ன மாத்தி விடுவீங்களா?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமாம் என்று சொல்ல மனசு வரவில்லை.

"அதப் பியூலா மேடத்துக்கிட்ட போய்க் கேளு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பது எனக்குத் தெளிவாகத் தெரியும். பியூலா அந்தப் பிள்ளையை எடுத்துக்கொண்டால் எங்களுக்கு ஒன்பதுதான், என் வேலை போகும். போனால், என் வாயில் மண்ணைப் போட்டவள் பியூலா என்று ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியலாம். எத்தனை வருஷமாக அவளிடம் ஒரு குற்றம் கண்டுபிடிக்க முடியாமல் தவித்திருக்கிறேன். அந்த நேரத்தில் வேலையைவிட அது எனக்கு ருசியாக இருந்தது.

பின்னாலேயே போனேன். வணிகவியல் துறைக்கு வெளியே, ஜன்னலோரம் நின்றேன்.

"காலியில்லையேம்மா" என்று பியூலாவின் குரல் கேட்டது. "காலையிலயே சேத்தூர்ப் பையன் ஒருத்தன் வந்து சேந்துட்டான்."

"நெசமாவா மேடம்?"

"ஒங்கிட்ட எதுக்குப் பொய் சொல்லப்போறேன். இங்க பாரு, நீ இருக்கிறது நல்ல எடம். பாண்டிசெல்வி மேடம் மாதிரி ஒரு வாத்தியார் எனக்கு வாய்ச்சிருந்தா நான் எங்கயோ போயிருப்பேன். ஸ்கூல்ல எனக்குக் கணக்கு சொல்லிக்குடுத்ததே அவதான். அவ சொன்னா கல்லுக்கும் புரியும். கொஞ்ச நாள் ஒக்காந்து கேட்டுப் பாரு."

மாரீஸ்வரி சரி என்று தலையாட்டினாள். முகத்தில் ஏமாற்றம் இருந்தாலும் நம்பிவிட்டாள் என்று தெரிந்தது. பியூலா சொன்னால் யாரும் நம்புவார்கள். அப்போதுதான் பியூலா ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். பிள்ளைக்குத் தெரியாமல் கண்ணை மூடித் திறந்து, லேசாகத் தலையசைத்தாள். சரி பண்ணிட்டேன், நீ போ என்று அதற்கு அர்த்தம்.

அந்தத் தலையசைப்பில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வேலையைப் பறிப்பாள் என்று பார்த்தால் தூக்கிக் கொடுக்கிறாள். இனி ஒவ்வொரு மாதச் சம்பளமும் அவள் போட்ட பிச்சை. அவளைத் திட்டவும் முடியாது, அவளைப் பற்றி யாரிடமும் சொல்லி ஆறவும் முடியாது. திட்ட வழியில்லாத ஒருத்தியை ஒருவர் எத்தனை நாளைக்குத்தான் பொறுத்துக்கொள்வது?

துறைக்குத் திரும்பி, இடுப்பிலிருந்த சாவியை எடுத்து, பீரோவைத் திறந்தேன். பத்தில் ஒன்றை உருவினேன். இதைக் கேள்விப்பட்டவர்கள் பிறகு என்னைப் பெரிய தியாகி ஆக்கிப் பேசினார்கள், பிள்ளையின் எதிர்காலத்துக்காகச் செய்தாளாம். ஒரு மண்ணும் கிடையாது. அந்தப் பிள்ளை ஆடிட்டர் ஆவாளா, ஆகமாட்டாளா என்று நான் அப்போது நினைக்கவே இல்லை.

மாரீஸ்வரி வராண்டாவில் வந்துகொண்டிருந்தாள். பியூலாவும் அவளுக்குப் பின்னால் வெளியே வந்திருந்தாள். இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"இந்தா ஒன் டி.சி. பி.காம்ல எடம் இருக்கு. சேத்தூர்ப் பையனும் கெடையாது, ஒருத்தனும் கெடையாது. பியூலா மேடம் ஒங்கிட்ட பொய் சொன்னாவ."

பியூலாவின் முகத்தில் ஈயாடவில்லை. சின்ன வயசிலிருந்து பழகுகிறேன், ஒரு பிள்ளையின் முன்னால் அவள் தலை குனிந்து நான் பார்த்ததில்லை. மறைப்பானேன், எனக்குக் குளுகுளுவென்றுதான் இருந்தது.

மாரீஸ்வரி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப நீங்க எங்க வீட்ல வந்து சொன்னது, மிஸ்? வேலை நிரந்தரம்னு சொன்னீங்களே?"

குளுமையெல்லாம் ஒரு நொடியில் போயிற்று.

"அதுவும் பொய்தான்" என்றேன். "நிரந்தரம் அவியளுக்கு. எனக்கு நீ எங்க டிபார்ட்மென்ட்ல இருந்தாத்தான் வேலை."

அவள் டி.சி.யை வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்வாள் என்று நான் நின்றேன்.

"எங்கப்பா ஒங்கள எம்புட்டு நம்புனாவ தெரியுமா" என்றாள். பிறகு பியூலாவின் பக்கம் திரும்பினாள். "மேடம், ஃபார்ம் எங்க வாங்கணும்?"

பொய் சொன்னது இரண்டு பேரும். ஃபார்ம் கேட்டது அவளிடம். பியூலா ஆபீஸ் பக்கம் கையைக் காட்டினாள். பிள்ளை போன பிறகு என்னிடம் வந்தாள்.

"ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? ஒனக்காகத்தானட்டி சொன்னேன்."

"தெரியும்."

"நாளைக்கு லிஸ்ட் போகுது. ஒன்பது பேரோட போனா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும்."

"பொறவு எதுக்கு அவளப் போகவிட்ட?"

"நீ குடுத்து எனக்கு ஒரு வேலை வேண்டாம்."

"நான் ஒனக்கு என்னட்டி செஞ்சேன்?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள்.

"ஒண்ணும் செய்யல" என்றேன். "அதான்."

மறுநாள் செயலர் பட்டியலைப் பார்த்தார். ஒன்பது என்று வாய்விட்டுப் படித்தார். இந்த வருஷம் இயற்பியல் முதலாண்டு கிடையாது என்று பத்து நிமிஷத்தில் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். மிச்சமிருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, வேறு துறைகளில் இடம் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளை நான் எப்படி எப்படியெல்லாம் பேசிக் கூட்டிவந்திருந்தேன். ஒளி என்றேன், விண்வெளி என்றேன், ராக்கெட் என்றேன். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் கிடைக்கிறது என்றதும் நாலு பேர் கைதட்டினார்கள். ஒரு பையன் என்னிடமே வந்து, தேங்க்ஸ் மிஸ், உங்களால்தான் இது கிடைத்தது என்று சொல்லிவிட்டுப் போனான்.

துறையில் என் பொருட்களை எடுத்துக் கட்டைப்பையில் போட்டேன். டிபன் பாக்ஸ், குடை, இரண்டு புத்தகம், மேஜை டிராயரில் கிடந்த சேஃப்டி பின். பீரோச் சாவியைத் துறைத்தலைவர் பால்சாமி சாரின் மேஜைமேல் வைத்தேன். அவர் ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருந்தது. "பாத்துப் போம்மா" என்றார். வேறென்ன சொல்வார். எனக்கு வயது முப்பத்தாறு, முனைவர் பட்டம் இருக்கிறது, வெளியே எனக்கு முன்னால் அந்த சைக்கிள் ஸ்டாண்டு வரிசை முழுக்க நிற்கிறது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரட்டும், ஒருமுறை அழுது தீர்த்துவிட்டு பஸ் ஏறலாம் என்று அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

அப்போது பியூலா வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் கட்டைப்பையைப் பார்த்தாள். "ஏட்டி" என்று ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, பால்சாமி சார் இருக்கிறார் என்றும் பார்க்காமல், தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். பால்சாமி சார் எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தார். ஆபீஸிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்து, அழாதீங்க மேடம், அழாதீங்க மேடம் என்று அவளைச் சுற்றி நின்றார்கள்.

வேலை போனது எனக்கு. நான் பையைத் தூக்கிக்கொண்டு அவர்களை ஒட்டி வெளியே வந்தேன். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.